சூரியன் மலைக்குப் பின்னால் போயாச்சு, ஆனா இருட்டலையே! போடியில் தெருவிளக்கு டைமரை எத்தனை மணிக்கு வைப்பது?

வாசல்விளக்கு:
போடிநாயக்கனூர், ஊரின் மேற்குக் கோடி. தெருக்காரர்கள் சேர்ந்து 20 வாட் எல்.இ.டி. 8 போட்டிருக்கிறோம், எல்லாம் ஒரே சுவிட்ச். அதற்கு டைமர் வாங்கணும். நவம்பரில் ஃபோன் 5.55க்கு அஸ்தமனம் என்கிறது. சூரியன் மலையில் விழுவது 5.30க்கு முன்னாடியே. ஆனால் 6.10 வரை வாசலில் பேப்பர் தலைப்பு படிக்கிற வெளிச்சம் இருக்கிறது. காலண்டரில் போட்டிருப்பது சென்னை நேரம். இதில் எதை நம்புவது? சென்னை நேரத்தோடு 10 நிமிடம் கூட்டினால் சரியாக வருமா?

பொழுதுகணக்கு:
மூணும் வேறவேற சங்கதி. மலையில் சூரியன் விழுவது நிழல் மட்டும்தான். அப்போது நேர் வெயில் போகுமே தவிர, தலைக்கு மேல் இருக்கும் வானம் முழுக்க வெளிச்சமாகவே இருக்கும். அதனால் டைமர் கணக்கில் அதைச் சேர்க்கவே வேண்டாம். மலை இல்லாவிட்டால் அடிவானத்தில் சூரியனின் மேல்விளிம்பு எப்போது மறையுமோ அதைத்தான் ஃபோன் அஸ்தமனம் என்கிறது. அதற்குப் பிறகு சூரியன் 6 டிகிரி கீழே இறங்கும்வரை விளக்கில்லாமல் சமாளிக்கலாம். நம் அட்சரேகையில் (10 டிகிரி) அதற்கு 21 முதல் 23 நிமிடம்தான் ஆகும். சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால் இங்கே அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். கடைசி மங்கல் வெளிச்சமும் அடங்கி முழு இருட்டாக 70, 75 நிமிடம் பிடிக்கும்.

மலை எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று பார்க்க ஒரு ஸ்கேல் போதும். கண்ணிலிருந்து 57 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 1 செ.மீ. என்பது 1 டிகிரி. கண் மட்டத்திலிருந்து மலை முகடு வரை எத்தனை செ.மீ. என்று பார்த்து 4ஆல் பெருக்குங்கள், அவ்வளவு நிமிடம் முன்னதாகச் சூரியன் மறையும். 8 கி.மீ. தள்ளி, நாம் நிற்கும் இடத்தைவிட 1,000 மீட்டர் உயரமான முகடு என்றால் 7 டிகிரி, அதாவது 28 நிமிடம். நீங்கள் சொல்கிற 5.30 கணக்கோடு ஒத்துப்போகிறது. ஜூனில் அளந்தால் வேறு எண் வரும். மறையும் இடம் ஜூனில் நேர்மேற்குக்கு 24 டிகிரி வடக்கே, டிசம்பரில் அதே அளவு தெற்கே. இடையில் முகட்டின் உயரம் ஒரே மாதிரி இருக்காது.

சென்னை நேரத்தோடு ஒரே எண்ணைக் கூட்டுவது தப்பு. தீர்க்கரேகை வித்தியாசத்தால் 12 நிமிடம் சரி, ஆனால் அட்சரேகையும் சேர்ந்து விளையாடும். நவம்பரில் வித்தியாசம் 16 நிமிடம், ஜூலையில் 6, 7தான்.

கருக்கல்:
மலை மறைக்கிற ஊரில் நிஜ அஸ்தமனத்தைக் கிழக்கே பார்த்துத்தான் பிடிக்கணும். வானம் தெளிவாக இருந்தால், அஸ்தமனமான சில நிமிடத்தில் கிழக்கு அடிவானத்தில் நீலச்சாம்பல் பட்டை ஒன்று எழும்பும், அதற்கு மேலே இளஞ்சிவப்பு. அது பூமியின் நிழல். மலை நிழல் தரையில்தான் ஓடும், வானத்தில் இப்படிப் பட்டையாக எழாது.

சூரியன் அடிவானத்துக்கு எத்தனை விரல் மேலே இருக்கிறது என்று பார்த்து, சிலர் "ஒரு விரல் தடிமன் 15 நிமிடம்" என்று கணக்கு சொல்வார்கள். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு விரல் 2 டிகிரிதான், நம் ஊரில் 8 நிமிடம். மூடிய முஷ்டி 10 டிகிரி, 40 நிமிடம். அந்த 15ஐ நம்பி மலையிலிருந்து இறங்கினால் பாதி வழியில் மசங்கிவிடும்.

வாசல்விளக்கு:
நன்றி. அப்போ டிசம்பர் 21தான் சீக்கிரம் இருட்டும் நாள், அதற்கு ஏற்ற மாதிரி ஒரே நேரம் வைத்துவிட்டால் வருடம் முழுக்கப் போதாதா?

பொழுதுகணக்கு:
இல்லை. பகல் குறைவான நாள் அதுதான், ஆனால் சீக்கிரம் பொழுது சாய்வது நவம்பர் நடுவில். போடியில் அப்போது 5.55, டிசம்பர் 21இல் 6.05 ஆகிவிடும். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு, அதனால் உச்சிப்பொழுதே வருடத்தில் முன்னும் பின்னும் நகர்கிறது. அந்த நகர்வு நம் பகுதியில் பகல் நீள மாற்றத்தையே மிஞ்சிவிடும். ஜனவரி நடுவில் 6.18. பிப்ரவரி நடுவிலிருந்து மே தொடக்கம் வரை 6.29, 6.32க்குள்ளேயே நிற்கும், அசையவே அசையாது. ஜூலையில் 6.46. பிறகு மடமடவென இறங்கி அக்டோபர் நடுவில் 6.04.

ஒயரிங்:
வட்டத்தைச் சுற்றி இருக்கும் முள்களை அழுத்தி நேரம் வைக்கிற மெக்கானிக்கல் டைமர் விலை குறைவு, ஆனால் மின்தடையில் நின்றுவிடும். ஒரு மணி நேரம் கரண்ட் போனால் விளக்கு ஒரு மணி நேரம் தாமதமாக எரியும். உள்ளே பேட்டரி உள்ளதாக வாங்குங்கள். ஒரு முள்ளுக்கு 15 நிமிடம் என்பதால் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை 6.00, அதன்பிறகு ஜனவரி நடு வரை 6.15, அங்கிருந்து மே நடு வரை 6.30, ஆகஸ்ட் முடியும் வரை 6.45, செப்டம்பரில் 6.30, அக்டோபர் முதல் பாதி 6.15. வருடத்துக்கு ஆறு தடவை யாராவது கை வைக்கணும், அதுதான் தெருவில் நடக்காது.

ஆஸ்ட்ரோ டைமர் (ஊர் இருக்கும் இடத்தை வைத்து அன்றன்றைய அஸ்தமனத்தைத் தானே கணக்கிடுவது) என்றால் ஒருமுறை வைத்தால் போதும். அட்சரேகை 10.01 வடக்கு, தீர்க்கரேகை 77.35 கிழக்கு, நேரவலயம் +5.30, அஸ்தமனத்துக்குப் பின் 10 நிமிடம். கோடைக்கால நேரமாற்றம் என்கிற அமைப்பை மறக்காமல் அணையுங்கள். அதை விட்டுவிட்டால் பாதி வருடம் ஒரு மணி நேரம் தப்பாக ஓடும். புளியமரம் கவிந்த சந்து என்றால் 10க்கு பதில் 0.

வெளிச்சம் குறைந்ததும் விளக்கைப் போடும் சென்சார் வைத்தால் மழை மூட்டத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். தெளிந்த வானத்தில் அஸ்தமன நேரத்தில் தரையில் சுமார் 400 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) இருக்கும், அந்தி முடியும்போது 3, 4. பல சென்சார்கள் 10, 20 லக்ஸில் போடும், அதாவது 15 நிமிடம் கழித்து. வடகிழக்குப் பருவமழை மூட்டத்தில் அந்த அளவு 10 நிமிடம் முன்னாடியே வரும், டைமருக்கு அது தெரியாது. சென்சாரை வடக்கு வானம் பார்த்து வையுங்கள். தான் போட்ட விளக்கின் வெளிச்சமே அதன் மேல் பட்டால் அணைந்து அணைந்து எரியும். மொத்தம் 160 வாட், ஒரு ஆம்பியருக்குள். இருந்தாலும் எல்.இ.டி. டிரைவர் (விளக்குக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி) போடும் கணத்தில் பெரிய மின்னோட்டம் இழுக்கும், சின்ன ரிலேயின் (உள்ளே தானாகப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு பகலிலும் எரியும். 10 ஆம்பியர் ரிலேவாகப் பாருங்கள். ஒயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேலே ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து இணையுங்கள், மெயினை அணைத்துவிட்டு.

கருக்கல்:
வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் அஸ்தமனத்துக்கு அரை மணி கழித்து முகப்பு விளக்கு கட்டாயம் என்று இருக்கிறது. லண்டன் ஜூனில் அந்தி 45 நிமிடத்துக்கு மேல் நீளும், அங்கே அரை மணி நேரம் தாங்கும். நம் ஊரில் 22 நிமிடத்திலேயே கருக்கிவிடும். வெளிச்சம் போதாத எந்த நேரத்திலும் போடணும் என்று அதே விதி சேர்த்துச் சொல்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாசல்விளக்கு:
ஆஸ்ட்ரோ டைமர்தான். சந்து முனையில் புளியமரம் இருக்கு, 0 வைத்துவிடுகிறேன்.

ஒயரிங்:
காலையில் அணைப்பதை உதயத்துக்கு 15 நிமிடம் முன்னால் வையுங்கள், மரத்தடி சந்துக்கு 5.