நான்கே கால் வயது மகன், இரவில் மட்டும் படுக்கை நனைகிறது

பகலில் இரண்டரை வயதிலிருந்தே தானாகக் கழிப்பறைக்குப் போய்விடுகிறான். இரவில்தான் சிக்கல். டயப்பரை நிறுத்தி மூன்று மாதமாகிறது. வாரத்தில் ஐந்து நாளாவது விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குள் நனைத்துவிடுகிறான்.

ஏழு மணிக்கு மேல் பால் இல்லை. படுக்கும் முன் சிறுநீர் கழிக்க வைக்கிறோம். பதினொரு மணிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். கண்ணே திறப்பதில்லை, தோளில் சாய்ந்தபடியே போய்விட்டு வருகிறான். அப்படியும் நனைகிறது. அத்தை சொன்ன எள்ளுருண்டையும் ஒரு மாதம் கொடுத்தாயிற்று (அதில் எனக்குத்தான் எடை கூடியது). மலச்சிக்கல் இல்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இல்லை. ஐந்து வயது வரை இது இயல்புதான் என்று மருத்துவர் அனுப்பிவிட்டார்.

இருப்பது தஞ்சாவூர். ஐப்பசி மழையில் இலவம்பஞ்சு மெத்தை காய்வதாக இல்லை. நேற்று நனைந்த கால்சட்டையைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தான். திட்டியதே இல்லை, ஆனாலும் வெட்கப்படுகிறான்.

இந்த நிலையில் இரவு எழுப்புவதைத் தொடர்வதா, ஐந்து வயது வரை மீண்டும் டயப்பர் போட்டுவிடுவதா? உங்கள் பிள்ளைக்கு எது பலன் தந்தது?