மணலுக்குள் ஓர் அணை

உறவுகளுக்கு வணக்கம்.

ஆற்றுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டுவது பற்றி இங்கே நடக்கும் பேச்சு, சுவர் எத்தனை அடி உயரம் என்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. உயரத்தை அப்புறம் பார்ப்போம். வறண்ட பூமியில் தண்ணீரைத் திறந்தவெளியில் தேக்கினால் வெயில் குடித்துவிடும், அணையையும் வண்டல் மேவிவிடும். அதற்கு என்ன செய்வது?

கென்யாவில் கிடுயி, மச்சாகோஸ் பக்கம் மணல் அணை கட்டுகிறார்கள். மழைக்கு மட்டும் ஓடுகிற மணலாற்றின் குறுக்கே, அடிப்பாறையில் கால் ஊன்றி ஒரு சுவர். வெள்ளம் அடித்து வரும் மணல் சுவருக்குப் பின்னால் நிரம்பிவிடும். 'அணை தூர்ந்துபோச்சே' என்று நாம் தலையில் கைவைக்கிற நேரத்தில்தான் அந்த அணைக்கு வேலையே தொடங்குகிறது. பருமணலின் இடுக்குகளில், அதன் கொள்ளளவில் கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர் தங்கும். மேலே இரண்டு மூன்றடி காய்ந்தபின் அதற்குக் கீழே வெயில் அவ்வளவாக எட்டாது. கொசு முட்டையிடவும் இடமில்லை. கையால் ஊற்று பறித்தால் முதலில் கலங்கல், இறைத்து ஊற்றினால் தெளிவு. ஆனால் ஆடுமாடு இறங்கும் இடத்தில் ஊற்றைத் திறந்து போடக் கூடாது. கிணற்று உறை இறக்கி மூடி, கைப்பம்பு வைப்பதே நல்லது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சுவரை ஒரேயடியாக எழுப்பினால் தேங்கும் நீரில் சேறு படிந்துவிடும். சேறு தண்ணீரை லேசில் விடாது. அதனால் வெள்ளத்துக்கு வெள்ளம் கொஞ்சமாக உயர்த்துவார்கள். சேறு சுவரைத் தாண்டிப் போய்விடும், கனத்த மணல் நிற்கும்.

நிலத்தடி அணை இன்னும் அடக்கம். பாறையோ இறுகிய களியோ தட்டும்வரை குறுக்கே வெட்டி, களிமண்ணை இடித்து நிரப்பினால் அடியில் நகரும் நீர் நின்றுவிடும். ஜப்பானின் மியாகோ தீவில் இதையே பெரிதாகச் செய்து, துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறைக்குள் தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள். அங்குள்ள சுனகாவா அணை சுமார் 50 மீட்டர் உயரம், ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். மேலே கரும்பு விளைகிறது. திறப்பு விழாவுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது, கல்வெட்டு ஆசை உள்ளவர்கள் மன்னிக்கவும்.

இரண்டுக்கும் இடம்தான் உயிர். அடியில் வெடிப்பு விட்ட பாறை இருந்தால் தண்ணீர் இறங்கிப் போய்விடும். சுவரின் முனைகள் கரைக்குள் ஆழமாகப் புதையாவிட்டால் ஆறு சுற்றிக்கொண்டு ஓடும். கோடைக் கடைசியிலும் வற்றாத ஊற்று எங்கே என்று ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள். அங்கே இரும்புக் கம்பியை மணலில் அடித்து, எத்தனை அடியில் பாறை தட்டுகிறது என்று கரைக்குக் கரை குறித்துக்கொள்ளுங்கள். எஸ்டிமேட் அதற்கப்புறம் போடலாம்.