பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம்: எது, எங்கே சறுக்குகிறது? (அனுபவப் பகிர்வு)

தொடங்கியவர்: தொடக்கப்பள்ளி வகுப்பாசிரியர்

பள்ளி திறக்கச் சில வாரம்தான் இருக்கிறது. மாற்றுத்திறன் பிள்ளைகளைச் சேர்த்து நடத்துவது, குடும்பத்தை உள்ளே கொண்டுவருவது, பிள்ளைகளின் பாதுகாப்பு. இந்த மூன்றிலும் வழக்கமாக எங்கே கோட்டை விடுகிறோம் என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். அளவு, பொருள், செய்முறை, தவறு நடக்கும் காரணம், இவை போதும்.

முதல் சறுக்கல் காகிதத்தில். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் பக்கம் பக்கமாக எழுதித் தந்த விவரம் அலுவலகக் கோப்பிலேயே தூங்கும். வகுப்பாசிரியருக்குப் பாதி வந்து சேரும். அவர் விடுப்பு எடுத்த நாளில் வகுப்புக்கு வரும் மாற்று ஆசிரியருக்கு எதுவுமே தெரியாது.

இதற்குப் பிள்ளைக்கு ஒன்றாக அரைப்பக்கத் தாள் போதும். எதனால் சிக்கல் வரும், வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று நான்கே விஷயம். நோயின் பெயர் கடைசியில் வந்தால் போதும். 'ஆட்டிசம்' என்று மட்டும் எழுதினால் புதிதாக வருபவருக்கு என்ன புரியும்? 'மணி அடிக்கும் முன் சொல்லிவிடுங்கள், பின்னாலிருந்து தொடாதீர்கள்' என்று எழுதினால் உடனே புரியும். வருகைப் பதிவேட்டுக்குள் உறையில் போட்டு வையுங்கள். சுவரில் ஒட்டினால் வருகிறவர் போகிறவர் எல்லாம் படிப்பார்கள்.

சிறப்புக் கல்வி ஆசிரியர்

காது மெஷின் போட்ட பிள்ளையை முதல் பெஞ்சில் உட்கார வைத்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முதல் பெஞ்சில் ஆசிரியரின் முகம் தெரியும், சரி. பின்னால் இருந்து பதில் சொல்லும் பிள்ளைகளின் முகம்? இரண்டாவது வரிசையில், ஓரமாக, நன்றாகக் கேட்கும் காது வகுப்பின் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். அப்போது திரும்பிப் பார்க்கவும் வசதி. ஜன்னல் வெளிச்சம் ஆசிரியரின் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும், உதட்டசைவு தெரியாது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவதும் அப்படித்தான்.

இரைச்சலைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பாடம் நடக்கும்போது வகுப்பின் பின்னணி ஒலி 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நாற்காலியை இழுக்கும் சத்தம் ஒன்றே அதை எளிதாகத் தாண்டும். காது மெஷின் நம் காதைப் போலச் சத்தத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் சேர்த்தே பெருக்கித் தரும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை மாட்டுவதும், பாடம் நடக்கும்போது கதவை மூடுவதும் செலவு குறைந்த வேலை. பலன் மொத்த வகுப்புக்கும்.

ஆசிரியரின் குரலை நேராகக் காது மெஷினுக்கு அனுப்பும், சட்டையில் மாட்டும் ரிமோட் மைக் இருந்தால் இரண்டு பழக்கம் வேண்டும். வேறொரு பிள்ளை பதில் சொல்லும்போது மைக்கை அவரிடம் கொடுங்கள், அல்லது அந்தப் பதிலை நீங்களே திருப்பிச் சொல்லுங்கள். வகுப்பை விட்டு வெளியே போகும்போது அணைத்துவிடுங்கள். மறந்தால் வராந்தாவில் இன்னொரு மாணவனை நீங்கள் திட்டுவது ஒரே ஒரு பிள்ளையின் காதில் மட்டும் துல்லியமாக விழுந்துகொண்டிருக்கும்.

சக்கர நாற்காலி பயன்படுத்தும் மாணவியின் அம்மா

சாய்தளம் இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் 'இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள். அளந்து பாருங்கள். 1-க்கு 12, அதாவது உயரத்தைப் போல 12 மடங்கு நீளம் என்பது பொதுவான கணக்கு. 15 செ.மீ. உயரப் படி மூன்று இருந்தால் மொத்தம் 45 செ.மீ., அதற்கு 5 மீட்டர் 40 செ.மீ. நீளச் சாய்தளம் வேண்டும். பாதி நீளத்தில் கட்டினால் அது சறுக்குமரம். கீழேயும் மேலேயும் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளம் விட வேண்டும். அந்த இடத்தில்தான் வழக்கமாக சைக்கிளோ பூந்தொட்டியோ நிற்கும்.

கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே பிள்ளை விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளித் திறக்க முடியாது, பிள்ளையே தடையாகக் கிடக்கும். கதவின் வழி குறைந்தது 80 செ.மீ., 90 இருந்தால் நிம்மதி.

'முடிந்தால் செய்கிறோம்' என்று பள்ளி சொன்னால் அது சலுகை இல்லை என்பதை நினைவுபடுத்துங்கள். 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு கல்வியைப் பற்றியது. அந்தந்தப் பிள்ளைக்குத் தேவையான நியாயமான ஏற்பாட்டைச் செய்துதர வேண்டும் என்று அதில் இருக்கிறது. சண்டை போட வேண்டாம், எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டுக் கேளுங்கள்.

பள்ளிச் செவிலியர்

கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அட்ரினலின் பேனா (பேனா வடிவ அவசர ஊசி) தந்திருப்பார்கள். அதை அலமாரியில் பூட்டி, சாவியை ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவதை நிறைய பார்க்கலாம். பூட்டக் கூடாது, ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. பெரியவர்கள் கைக்கு உடனே எட்டும் இடத்தில், சாதாரண அறை வெப்பத்தில் இருக்கட்டும். இரண்டு பேனா வேண்டும். முதல் ஊசிக்குப் பிறகு நிலைமை தேறாவிட்டால் 5 முதல் 15 நிமிடத்துக்குள் இரண்டாவது தேவைப்படலாம். காலாவதித் தேதியை வாங்கிய அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

தொடையின் வெளிப்பக்கம், நடுவில் போட வேண்டும். பேண்ட் மேலேயே போடலாம். பேனாவை முஷ்டியில் பிடியுங்கள், நுனியில் கட்டைவிரல் வைக்காதீர்கள். தலைகீழாகப் பிடித்துத் தன் கட்டைவிரலிலேயே குத்திக்கொள்வது சகஜமாக நடக்கிறது. ஊசியில்லாத பயிற்சிப் பேனா கிடைக்கும், வகுப்பாசிரியர், விளையாட்டு ஆசிரியர், உணவுக்கூடத்தில் இருப்பவர் மூவரும் அதில் பழகட்டும். ஊசி போட்டதும் ஆம்புலன்ஸ். பிள்ளையை 'வா, செவிலியர் அறைக்கு நடந்து போகலாம்' என்று எழுப்பவே எழுப்பாதீர்கள். சட்டென்று எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். படுக்க வையுங்கள். மூச்சு முட்டினால் கால் நீட்டி உட்காரட்டும். நீங்கள்தான் பிள்ளையிடம் போக வேண்டும். அரிப்பு மாத்திரை கொடுத்துவிட்டு 'பார்க்கலாம்' என்று காத்திருப்பதும் இதே அளவு மோசம்.

வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையைக் காலைப் பிடித்து அழுத்தாதீர்கள். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, வெட்டி இழுப்பது நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காதது போலத் தொடரும் பிள்ளையைக் 'கவனமே இல்லை' என்று திட்டும் முன் யோசியுங்கள். அதுவும் ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். ஒரு நாளில் எத்தனை முறை என்று எழுதி வீட்டாரிடம் கொடுங்கள், டாக்டருக்கு அந்தத் தாள் பெரிய உதவி.

தீயணைப்புப் பயிற்சி நடத்துபவர்

முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு முறையாவது வெளியேறும் பயிற்சி நடத்துங்கள். 'எல்லாரும் வந்துவிட்டார்களா' என்ற கேள்விக்குத் தலையை எண்ணி 32 என்று சொல்வதில் அர்த்தமில்லை. உங்கள் பிள்ளை ஒன்று கழிவறையில் இருந்து, பக்கத்து வகுப்புப் பிள்ளை ஒன்று கலந்திருந்தாலும் அதே 32 வரும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுங்கள்.

காது கேளாத பிள்ளை கழிவறையில் தனியாக இருக்கும்போது மணி அடித்தால்? அங்கே மினுக்கும் விளக்கு வேண்டும். ஆனால் வேகமாக மினுக்கும் ஒளி சில பிள்ளைகளுக்கு வலிப்பைத் தூண்டும். விநாடிக்கு 3 முறைக்கு மேல் மினுக்காத விளக்கைக் கேட்டு வாங்குங்கள். ஒரே இடத்தில் தெரியும் பல விளக்குகள் ஒத்திசைந்து மினுக்கட்டும், ஒன்றுக்குப் பின் ஒன்றாக மினுக்கினால் வேகம் கூடிவிடும்.

சக்கர நாற்காலிப் பிள்ளையை மாடியிலிருந்து இறக்குவது யார்? 'யாராவது தூக்குவோம்' என்பது திட்டமே இல்லை. இரண்டு பேர் பெயர், அவர்கள் வராத நாளுக்கு இன்னும் இரண்டு பேர். படிக்கட்டு வழியாக இறக்குவதற்கான நாற்காலி இருந்தால் முதலில் காலியாக ஓட்டிப் பழகுங்கள். அதைவிட எளிய வழி, அந்த வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றுவது.

சிறப்புக் கல்வி ஆசிரியர்

மேலே சொன்னதோடு ஒன்று. சத்தம் தாங்காத பிள்ளைக்கு முதல் பயிற்சியைத் திடீரென்று வைக்காதீர்கள். முந்தின நாளே படம் காட்டி, மணியின் பதிவைச் சன்னமாகப் போட்டுக் காட்டுங்கள். காதடைப்பானைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். பைக்குள் இருந்தால் அந்த நேரத்தில் யார் தேடுவது?

நடுநிலைப்பள்ளி ஆசிரியர்

எங்கள் பக்கம் ஒவ்வொரு மாற்றுத்திறன் பிள்ளைக்கும் நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளையை வருடம் முழுக்கத் துணையாகப் போடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதானே?

சிறப்புக் கல்வி ஆசிரியர்

எனக்கு ஒப்பவில்லை, சார். ஒரே பிள்ளையைக் கட்டிவைத்தால் ஒரு மாதத்தில் அது நட்பு இல்லை, வேலை. அவன் வராத நாளில் இவள் தனியாக நிற்பாள். வாரத்துக்கு இரண்டு பேர், சுழற்சியில் போடுங்கள். துணை வேண்டுமா என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். உதவி வாங்குகிற பிள்ளைக்கும் வகுப்பில் ஒரு பொறுப்பு கொடுங்கள். நோட்டு விநியோகமோ வருகைக் கணக்கோ எதுவானாலும் சரி, உண்மையான வேலையாக இருக்க வேண்டும்.

பெற்றோர் தொடர்பு ஒருங்கிணைப்பாளர்

பள்ளியிலிருந்து போன் வந்தாலே வீட்டில் நெஞ்சு படபடக்கும். பிரச்சினைக்கு மட்டும் கூப்பிடுவதுதான் காரணம். நல்லதைச் சொல்லவும் கூப்பிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வீடு என்று வைத்தால் 30 பிள்ளைகளுக்குப் பத்து வேலைநாளில் முடிந்துவிடும். ஐந்து நிமிடம் போதும். பிள்ளை செய்த ஒரு காரியத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள். 'நல்ல பிள்ளை' என்பது யாருக்கும் பொருந்தும், 'இன்று வழி தெரியாமல் நின்ற புதுப் பையனைக் கூட்டி வந்தாள்' என்பது அவளுக்கு மட்டும்தான் பொருந்தும். பிறகு ஒரு கேள்வி: வீட்டில் பிள்ளை கலங்கினால் என்ன செய்வீர்கள்? அந்தப் பதில் எந்த மருத்துவ அறிக்கையிலும் இருக்காது. அரைப்பக்கத் தாளின் பாதி அங்கேதான் கிடைக்கும்.

படிவத்தில் 'எந்த நேரத்தில், எப்படித் தொடர்பு கொள்ளலாம்' என்று கேளுங்கள். படிக்கச் சிரமப்படும் பெற்றோருக்குக் குரல் பதிவு அனுப்பலாம். மொழி தெரியாத வீட்டாருடன் பேசும்போது பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தன்னைப் பற்றிய புகாரைத் தானே சொல்ல நேரும், அல்லது பாதியை விழுங்கிவிடும்.

முதல் வெள்ளிக்கிழமை எல்லா அவசர எண்ணுக்கும் ஒரு சோதனைச் செய்தி அனுப்புங்கள். மாறிப்போன எண்கள் அன்றே தெரிந்துவிடும். யார் யார் பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்ற பட்டியலை அப்போதே சரிபார்க்கலாம். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால் நீதிமன்ற உத்தரவின் நகல் இல்லாமல் நீங்களாக எதையும் தீர்மானிக்காதீர்கள்.

பள்ளிப் பேருந்து உதவியாளர்

பேருந்தைப் பத்தி யாரும் எழுதலையேன்னு பார்த்தேன். கடைசிப் பிள்ளை இறங்கினதும் கடைசி சீட் வரைக்கும் நடந்து போய், குனிஞ்சு பார்க்கணும். தூங்குற பிள்ளை சீட்டுக்கு மேல தெரியாது. வண்டியைச் சுத்தி 3 மீட்டர்தான் ஆபத்தான இடம், டிரைவருக்கு அங்க நிக்கிற சின்னப் பிள்ளை கண்ணுக்கே படாது. கீழ விழுந்த பென்சிலை எடுக்கக் குனியக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லிடுங்க.

சக்கர நாற்காலியை நாலு பட்டையால தரையோட கட்டணும், முன்னாடி பார்த்தபடி. பிள்ளைக்குத் தனியா வண்டியோட தோள், இடுப்பு பெல்ட். நாற்காலியிலேயே இருக்கிற பெல்ட் நிமிர்ந்து உட்காரத்தான், விபத்துல தாங்காது. பெல்ட் கைப்பிடிக்கு மேல போகாம உடம்பை ஒட்டிப் போகணும்.

சின்ன வகுப்புப் பிள்ளையை வாங்கப் பட்டியல்ல இருக்கிறவங்க வரலைன்னா திரும்பப் பள்ளிக்கே கொண்டு வந்துடணும். 'பக்கத்து வீட்டுக்காரங்கதான்'னு சொன்னாலும் விடக் கூடாது. பைக்கு வெளிய பெயர் எழுதாதீங்க, தெரியாத ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டா பிள்ளை தெரிஞ்சவங்கன்னு நம்பிடும்.

குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளர்

பேச்சு வராத பிள்ளைகள் படத்தைத் தொட்டுக் காட்டிப் பேசும் படப்பலகையை எடுத்துப் பாருங்கள். தண்ணீர், கழிவறை, பந்து எல்லாம் இருக்கும். 'வேண்டாம்', 'வலிக்கிறது', 'நிறுத்து', உடல் உறுப்புகள் இருக்காது. நடந்ததைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு வார்த்தையே தரவில்லை என்று அர்த்தம். முதல் வாரத்திலேயே சேர்த்து, விளையாட்டாகப் பழக்குங்கள்.

ஒரு பிள்ளை உங்களிடம் ஏதாவது சொன்னால் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன சொல்லையே, நேரத்தோடு எழுதி அன்றே பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

மாற்று ஆசிரியர்

உறையிலிருக்கும் தாளைப் படிப்பது என்னைப் போன்றவர்கள்தான் என்பதால் ஒரு வேண்டுகோள். தாளின் மேல் மூலையில் தேதி எழுதுங்கள். மருந்தோ எண்ணோ மாறினால் புதுத்தாள் வைக்கும் முன் பழையதைக் கிழித்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து கிடந்தால் அவசரத்தில் கை எடுப்பது மேலே இருப்பதைத்தான்.