போர்டிங் கேட்டில் வைத்துப் பையைக் கேட்டால்

கேபின் பையை மட்டும் எடுத்துக்கொண்டு விமானத்தில் போவது பற்றி ஆளாளுக்கு எழுதுகிறோம், இது என் பங்கு. ஃப்ளைட்டில் ஒரு சீட் காலியில்லை. போர்டிங் தொடங்கும் முன்பே ஊழியர் ஒருவர் டேக் கட்டோடு வரிசையோரமாக நடந்து வந்தார். மேலே வைக்க இடம் போதாது, ட்ரோலி வைத்திருப்பவர்கள் கொடுத்துவிடுங்கள், கட்டணம் கிடையாது என்றார். எடையும் பார்க்கவில்லை, அளவும் பார்க்கவில்லை. விதிப்படி கச்சிதமாக அடுக்கிய பையும் அதில் போயிற்று.

எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா ட்ரோலியைத் தரையில் கிடத்தித் திறந்தார். சர்க்கரை மாத்திரை துணிகளுக்கு அடியில், பிரஷர் மாத்திரை ஒரு சாக்ஸுக்குள், மூக்குக் கண்ணாடி எங்கே என்றே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் குனிந்து தேட, வரிசை அவர்களைச் சுற்றிக்கொண்டு நகர ஆரம்பித்துவிட்டது. ஊழியர் பொறுமையாகத்தான் நின்றார். ஆனாலும் பத்துப் பேர் முன்னால் உள்ளாடையை எடுத்து வெளியே வைப்பது யாருக்கும் பிடிக்காது.

நான் ட்ரோலியின் மேல்பக்கத்தில் எப்போதும் ஒரு துணிப்பை வைத்திருப்பேன். மருந்து, கண்ணாடி, வீட்டுச் சாவி, பவர் பேங்க், சார்ஜர், ஒரு மாற்று உடை. பாஸ்போர்ட் எப்படியும் உடம்போடுதான். ஜிப்பை இழுத்து, துணிப்பையை மட்டும் உருவிக்கொண்டு, ட்ரோலியைக் கொடுத்துவிட்டேன். கேபின் பையை ஏழு கிலோ வரம்புக்குள் எப்படி அடக்குவது என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். பை கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று யோசிப்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி.

பவர் பேங்கை மட்டும் மறந்தும் கீழே அனுப்பாதீர்கள். சரக்கு அறையில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பறக்கும்போது யாரும் போய் அணைக்க முடியாது. கேபினில் என்றால் புகை வந்ததும் பணியாளர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். 2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், கிளம்பத் தயாராக நின்ற விமானத்தின் மேல் பெட்டியிலிருந்து தீ பரவி விமானமே எரிந்தது. பவர் பேங்காக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதற்கப்புறம் பல நிறுவனங்கள் அதை மேலே வைக்கக்கூடாது, பறக்கும்போது பயன்படுத்தக்கூடாது என்று கெடுபிடி ஆக்கிவிட்டன. பொதுவான வரம்பு 100 வாட்-ஹவர், அதாவது பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு. பவர் பேங்கின் மீது மில்லி ஆம்பியர்-ஹவர்தான் (mAh) பெரிதாகப் போட்டிருக்கும், அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-ஹவர் வந்துவிடும். 20,000 மில்லி ஆம்பியர்-ஹவர் என்றால் 74, கவலை இல்லை. அச்சு அழிந்துபோன பழைய பவர் பேங்க் என்றால் சிக்கல். எழுத்து தெரியவில்லை என்றே பிடுங்கிவிடுவார்கள்.

டேக் ஒட்டும்போது அதிலிருக்கும், பை போகும் விமான நிலையத்தைக் குறிக்கும் மூன்றெழுத்தையும் பாருங்கள். சில இடங்களில் இறங்கியதும் விமான வாசலிலேயே பையைத் தருவார்கள், சில இடங்களில் கடைசி ஊரின் பெல்ட்டுக்குப் போய்விடும். கனெக்ஷன் இருந்தால் கேட்டுக்கொள்வது உத்தமம். அந்த டேக்கின் துண்டையும் பத்திரமாக வையுங்கள். டேக் ஒட்டி வாங்கிக்கொண்டால் அது செக்-இன் லக்கேஜ் கணக்கு. சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பு, ஆனால் பை கைக்கு வந்து ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

—

மேலே சொன்ன துணிப்பை யோசனை நல்லது. என் தம்பிக்கு நடந்தது வேறு மாதிரி. டிக்கெட் ஒன்றுதான், விமானம் இரண்டு நிறுவனங்களுடையது. முதல் விமானத்தில் யாரும் தராசையே எடுக்கவில்லை. டிரான்ஸிட்டில் இரண்டாவது விமானத்தின் கேட்டில் தராசு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏழு கிலோ வரம்பு, இவன் பை பத்தைத் தொட்டது.

இதில் நிறுவனத்துக்கு நிறுவனம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஒரு பைக்கு 23 கிலோ வரை விடுகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமியில் 7 கிலோ. அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் எடையே கேட்பதில்லை, அளவு மட்டும்தான். டிக்கெட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதல்ல, அந்தத் துண்டுப் பயணத்தில் விமானத்தை ஓட்டுவது யார் என்பதைப் பார்க்க வேண்டும். இருப்பதிலேயே கறாரான விதிக்கு அடுக்கினால் வழியில் தகராறு இல்லை.

தம்பி என்ன செய்தான் தெரியுமா? ஜாக்கெட்டைப் போட்டு, அதன் பைகளில் இரண்டு புத்தகம், கேமரா, சார்ஜர் எல்லாவற்றையும் திணித்தான். தராசு ஏழைக் காட்டியது, போகலாம் என்றார்கள். சீட்டில் உட்கார்ந்ததும் எல்லாம் மறுபடி பைக்குள். விமானம் சுமந்தது அதே பத்து கிலோதான்! ஆனால் இதை நம்பிக் கிளம்ப வேண்டாம், ஜாக்கெட்டையும் சேர்த்து எடைபோட்டதாகச் சொல்பவர்கள் உண்டு.

சக்கரம் வைத்த கெட்டி ட்ரோலி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ வரும். ஏழில் மூன்று அங்கேயே போச்சு. முதுகுப்பை ஒரு கிலோ சொச்சம்தான். முட்டி வலி உள்ளவர்களுக்குச் சக்கரம் வேண்டும், சரி. மற்றவர்கள் யோசிக்கலாம்.

—

திரவம் பற்றி யாரும் எழுதவில்லையே. கேபின் பையில் திரவத்துக்குள்ள 100 மில்லி வரம்பு என்பது பாட்டிலின் கொள்ளளவு, உள்ளே இருக்கும் அளவல்ல. 200 மில்லி பாட்டிலின் அடியில் கொஞ்சம் ஷாம்பூ இருக்கிறது என்று வாதாடிய ஒருவரை என் கண்ணால் பார்த்தேன். பாட்டில் குப்பைக்குத்தான் போனது. 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கத் திட்டமிட்டவர்கள் பிடிபட்டபின் வந்த விதி இது.

இப்போது புது ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில் பெரிய பாட்டிலையும் விடுகிறார்கள். அங்கே விட்டார்கள் என்று டிரான்ஸிட்டில் விடுவார்கள் என்பதற்கில்லை. பல இடங்களில் அங்கே மறுபடி சோதனை உண்டு. நான் டூட்டி ஃப்ரீயில் வாங்கிய வாசனைத் திரவியம் தப்பியது, சீல் போட்ட பையைப் பிரிக்காமல் ரசீது வெளியே தெரிய வைத்திருந்ததால். பக்கத்து வரிசைக்காரர் விமானத்திலேயே பிரித்து மோந்து பார்த்துவிட்டார் பாவம்.

மருந்துக்கும் குழந்தைப் பாலுக்கும் 100 மில்லி வரம்பிலிருந்து விலக்கு உண்டு, தனியாக எடுத்துக் காட்ட வேண்டும். மருந்துக்கு டாக்டர் சீட்டும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

—

துணி எத்தனை எடுப்பது என்று கேட்டால்: எத்தனை நாள் பயணமானாலும் நான்கைந்து நாளுக்குத்தான் எடுப்பேன், நடுவில் துவைத்துக்கொள்வேன். இரவில் அலசினால் காலையில் காய்கிற துணியாகப் பாருங்கள்; ஜீன்ஸ் ஒன்றோடு போதும், அதையும் போட்டுக்கொண்டே போய்விடுங்கள். கனமான ஷூவும் காலில். பைக்குள் இன்னொரு ஜோடி ஷூ எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

லக்கேஜ் தராசு இல்லாதவர்கள் ஆள் எடை பார்க்கும் மெஷினில் பையோடு ஒரு முறை, பை இல்லாமல் ஒரு முறை ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். அது அரை கிலோ முன்னே பின்னே காட்டும், அதனால் ஆறரையோடு நிறுத்திவிடுங்கள்.