டோஃபுவுக்குள் இறைச்சி: சீன எழுத்தோடு நமக்கு நேர்ந்தவை

செங்டுவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சாப்பாடுதான் பெரும்பாடு. நான் சைவம், மெனு முழுக்கச் சீனம். கூட வேலை பார்த்த அக்கா ஒருவர்தான் வழி காட்டினார்: “முழு எழுத்தையும் மனப்பாடம் செய்யாதே, உள்ளே பொருளைக் காட்டும் சிறு பகுதி இருக்கும், அந்த உறுப்பைப் பார்.”

குறுக்குக்கோட்டின் மேல் இரண்டு சிறு கோடுகள் முளைத்து நின்றால் அது புல். காய்கறி, கத்தரி, தேநீர் மூன்றுக்கும் தலையில் அந்தப் புல் உண்டு. வறுத்தது, பொரித்தது, சுட்டது என்றால் இடப்பக்கம் நெருப்பு. அவித்ததற்கு அதே நெருப்பு நாலு புள்ளியாகி அடியில் போய்விடும். ஈரல், குடல் எழுத்துகளில் நிலா மாதிரி ஒன்று வரும். அது நிலா இல்லை, சதை.

இறைச்சிக்கு ‘ரோ’ என்று ஓர் எழுத்து. அதைக் கண்டால் அந்த வரியையே விட்டுவிடுவேன். சோயாப் பாலில் செய்யும் டோஃபுவின் இரண்டாம் எழுத்துக்குள்ளும் ‘ரோ’ இருந்ததால் மூன்று வாரம் அதைத் தொடவே இல்லை! அந்த எழுத்துக்கு அழுகுதல் என்று பொருள், அதனால்தான் உள்ளே இறைச்சி என்று அக்கா விளக்கிய அன்றே ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ‘யூ சியாங்’ கத்தரிக்காய் இதற்கு நேர் எதிர். முதல் எழுத்தே மீன், ஆனால் மீன் கிடையாது. மீனுக்குப் போடும் இஞ்சி, பூண்டு, ஊறிய மிளகாய் மணம்தான். சைவக்காரர்கள் கவனிக்க: பல கடைகளில் கொத்திய பன்றிக்கறி சேர்ப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

—

எனக்கு குவாங்சோ மெட்ரோவில் நடந்தது. வெறும் சதுரம் போட்டால் வாய், ‘கோவ்’. வெளியே போகும் வழி ‘ச்சூகோவ்’, உள்ளே வரும் வழி ‘ரூகோவ்’. வழிக்கு எதற்கு வாய் என்று யோசித்துக்கொண்டே படியேறினேன். அப்புறம்தான் உறைத்தது, நாமும் ‘வாயில்’ என்றுதானே சொல்கிறோம்! அந்த இரண்டு சொல்லும் பிறகு மறக்கவே இல்லை.

—

அம்மாவுக்கான ‘மா’வில் பெண் பக்கத்தில் குதிரை நிற்கும். குதிரை அங்கே ஒலிக்காக மட்டும், ஏனென்றால் சீனத்தில் குதிரையும் ‘மா’, தொனிதான் வேறு. பெரும்பாலான எழுத்துகள் இப்படித்தான், பாதி பொருளுக்கு, பாதி ஒலிக்கு. சங்கத் தமிழிலும் குதிரைக்கு ‘மா’ என்ற பெயர் உண்டு. தற்செயல்தான், ஆனாலும் வகுப்பில் அதைக் கேட்ட நாள் அவ்வளவு சந்தோஷம்.