சவ்வு நுண்பைத் தடுப்பூசிகளில் எண்டோடாக்சினை என்ன செய்கிறார்கள்?

கேள்வி (நுண்ணுயிரியல் மாணவி):
கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்கள் தம் வெளிச்சவ்விலிருந்து மொட்டுவிட்டு உதிர்க்கும், ஏறத்தாழ 20 முதல் 250 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்பைகளைத் தடுப்பூசியாக்குவது குறித்துப் படித்து வருகிறேன். இவை பெருகமாட்டா, ஆனால் சவ்வுப் புரதங்களை இயல்பான வடிவிலேயே ஏந்தியிருப்பதால் கிருமியின் மேற்பரப்பையே நோயெதிர்ப்பு மண்டலம் பார்க்கிறது. அதே சவ்வில் லிப்போபாலிசாக்கரைடு என்னும் நச்சுப்பொருளான எண்டோடாக்சினும் நிறைந்திருக்கிறதே, அதைக் குழந்தைகளுக்கு எப்படிச் செலுத்துகிறார்கள்? முழுவதும் நீக்கினால் நுண்பையின் வீரியமும் போய்விடாதா?

முதல் பதில்:
உங்கள் ஐயம் சரியானதே. அதனால்தான் முழுவதும் நீக்குவதில்லை. நுண்பை தனக்குத் தானே துணையூக்கியாக (நோயெதிர்ப்பு வினையைத் தூண்டிவிடும் பொருளாக) விளங்குவதற்கு எண்டோடாக்சினும் ஒரு காரணம். பழைய முறையில் டீஆக்சிகோலேட் என்னும் சலவைப்பொருளால் அதன் பெரும்பகுதியைக் கழுவி எடுத்தார்கள். ஆனால் காரணி-எச் பிணைப்புப் புரதம் போன்ற பயனுள்ள லிப்போபுரதங்களும் அதனுடன் கழுவப்பட்டுப் போயின. இப்போது பாக்டீரியாவின் மரபணுவையே திருத்துகிறார்கள். மூளை உறை அழற்சியை உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ் பாக்டீரியாவில் எல்பிஎக்ஸ்எல்1 மரபணுவை முடக்கினால், எண்டோடாக்சினின் நச்சுப் பகுதியான லிப்பிட் ஏ மூலக்கூறில் ஆறாக இருந்த கொழுப்பமிலச் சங்கிலிகள் ஐந்தாகக் குறைகின்றன. எண்டோடாக்சினைக் கண்டறியும், மனித உயிரணுக்களின் டிஎல்ஆர்-4 ஏற்பி அதை வலுவாக உணர்வதில்லை. இதனால் நச்சுத்தன்மை தணிகிறது, சவ்வும் சிதையாமல் இருக்கிறது. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியாவில் இத்தகைய திருத்தத்துடன் டால்ஆர் மரபணுவையும் நீக்கி, நுண்பைகளை மிகுதியாக உதிர்க்கும் வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் பதில்:
இந்த நுண்பை வழி ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பி வகை மெனிஞ்சோகாக்கஸின் உறைச் சர்க்கரை, மனித நரம்பு உயிரணுக்களில் உள்ள பாலிசியாலிக் அமிலத்தை ஒத்திருப்பதால், அந்த உறையைக் கொண்டு தடுப்பூசி செய்ய இயலவில்லை. ஆகவே கியூபாவும் நார்வேயும் நுண்பைகளை நாடின. நியூசிலாந்து தன் நாட்டில் பரவிய திரிபுக்கெனத் தனித் தடுப்பூசி தயாரித்து 2004-இல் வழங்கத் தொடங்கியது. பாதுகாப்பு பெரும்பாலும் திரிபுக்குத் திரிபு மாறும் போர்-ஏ என்னும் வெளிச்சவ்வுப் புரதத்தையே சார்ந்திருந்ததால், வேறு திரிபுகளுக்கு அது அவ்வளவாகப் பயன்படவில்லை. அதே நுண்பையுடன் மூன்று மறுசேர்க்கைப் புரதங்களை (மரபணுப் பொறியியலால் ஆக்கியவை)ச் சேர்த்து உருவான தடுப்பூசிக்கு 2013-இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. என்னை மிகவும் வியக்க வைத்தது, நியூசிலாந்துத் தடுப்பூசி பெற்றவர்களிடம் கொனோரியா ஏறத்தாழ 31 விழுக்காடு குறைந்திருந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு. மெனிஞ்சோகாக்கஸும் கொனோரியாக் கிருமியும் நெருங்கிய உறவினவாயினும், நெடுங்காலமாகத் தடுப்பூசி முயற்சிகளுக்கு வசப்படாத ஒரு நோயில் இது பெரிய திறப்பு.

மூன்றாம் பதில்:
தடுப்பூசிக்குப் பின் வரும் காய்ச்சல் முற்றிலும் ஓயவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. பிரிட்டனில் கைக்குழந்தைகளுக்கு 2013-இல் அனுமதி பெற்ற அந்தத் தடுப்பூசியைப் போடும்போது முன்னெச்சரிக்கையாகப் பாராசிட்டமால் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் எந்தக் கிருமியின் ஆன்டிஜெனையும் (நோயெதிர்ப்பு மண்டலம் அடையாளம் காணும் கூறு) ஏற்றக்கூடிய பொதுத் ‘தளம்’ என்று நுண்பையை அழைப்பதில்தான் எனக்குத் தயக்கம் இருக்கிறது. வேறொரு கிருமியின் ஆன்டிஜெனை நுண்பையின் சவ்வில் அமரும் க்ளை-ஏ புரதத்துடன் இணைத்தோ, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் புரத இணையான ஸ்பைடேக்–ஸ்பைகேட்சர் பிணைப்பால் பின்னர் ஒட்டியோ நுண்பையின் மேற்பரப்பில் நிறுத்த முடிகிறது. எனினும் நுண்பையின் சொந்தப் புரதங்களே உடலின் கவனத்தை ஈர்த்துக்கொண்டு, நாம் ஏற்றிய ஆன்டிஜென் பின்தங்கக்கூடும். வளர்ப்பு ஊடகத்தில் உள்ள இரும்பின் அளவு மாறினாலே சவ்வின் புரதச் சேர்க்கை மாறிவிடுவதால், ஒவ்வொரு தொகுதியிலும் எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்டிப்புடன் அளக்க வேண்டியிருக்கிறது. மரபணுத் திருத்தத்துக்குச் செலுத்தும் அக்கறையை இந்த அளவீட்டுக்கும் செலுத்துங்கள் என்பதே ஆய்வில் இறங்கும் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது.