சூப்பர்டிரெண்டுக்குள் எந்த சராசரி? 11:20 கேண்டில் பஞ்சாயத்து

பாண்டி_பைன்:
நேற்று இங்கே ஒருவர் பந்தாவாகப் போட்டிருந்தார். டிரேடிங்வியூ சார்ட் தளத்தில் இருக்கிற சூப்பர்டிரெண்ட் (விலை ஏறுமுகமா இறங்குமுகமா என்று காட்டும் கோடு) தப்பாம், அவர் ஆமிபுரோக்கர் என்கிற சார்ட் மென்பொருளில் கையால் எழுதியதுதான் அசலாம், நிஃப்டி 5 நிமிட சார்ட்டில் 11:20 கேண்டிலிலேயே (ஒரு கேண்டில் என்பது ஐந்து நிமிட விலை) அவருக்கு பை, அதாவது வாங்கு என்கிற சிக்னல், வந்துவிட்டதாம், நம்மைப் போன்ற 'ரெடிமேட் ஆட்களுக்கு' வரவே இல்லையாம். பெயர் சொல்ல விரும்பவில்லை. கூடவே புரோகிராம் கோடையும் போட்டிருந்ததால் எட்டிப் பார்த்தேன். ஏடிஆர் (ஆவரேஜ் ட்ரூ ரேஞ்ச், விலை சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு) வர வேண்டிய இடத்தில் ட்ரூ ரேஞ்சின் (ஒரு கேண்டிலில் விலை ஆடிய தூரம்) 10 கேண்டில் சாதாரண சராசரி இருக்கிறது! ஏடிஆர் என்பதை உண்டாக்கிய வைல்டர் 1978ல் எழுதிய புத்தகத்தில் முறையைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: முந்தைய ஏடிஆரை 13ஆல் பெருக்கு, இன்றைய ட்ரூ ரேஞ்சைக் கூட்டு, 14ஆல் வகு. டிரேடிங்வியூவின் மொழியான பைன் ஸ்கிரிப்டில் இதற்கு ஆர்எம்ஏ என்று பெயர். ரசத்தை ஊற்றிவிட்டு சாம்பார் என்று சொன்னால் சாப்பிடுகிறவனுக்குத் தெரியாதா?

அண்ணாச்சி_ஏஎஃப்எல்:
பெயர் சொல்ல விரும்பவில்லையாம், நான்தான் தம்பி அது, தைரியமாகச் சொல்லுங்கள். நீங்கள் ஒரே ஒரு வரி எழுதுவீர்கள், மிச்சத்தை எல்லாம் அந்தத் தளமே போட்டுக் கொடுக்கும். நான் ஃபார் லூப் போட்டு, மேல் பேண்ட், கீழ் பேண்ட் (விலையிலிருந்து ஏடிஆரின் சில மடங்கு தள்ளி நிற்கும் கோடுகள்), போன கேண்டில் எந்தப் பக்கம் முடிந்தது, பேண்டை நகர்த்தலாமா கூடாதா என்று ஒவ்வொன்றாக எழுதியவன். ஏடிஆரில் முதல் எழுத்து என்ன? ஆவரேஜ். பத்து எண்ணைக் கூட்டிப் பத்தால் வகுப்பதுதான் ஆவரேஜ், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மெட்டாடிரேடர் மென்பொருளில் ஏடிஆர் அப்படித்தான் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 11:20 கேண்டிலில் எனக்கு பை வந்தது. உங்களுக்கு வந்ததா? வரவில்லை. அவ்வளவுதான் பேச்சு.

குமரன்_பாண்டாஸ்:
மெட்டாடிரேடரில் சாதாரண சராசரி என்பது உண்மைதான், அந்த மட்டும் அண்ணாச்சி சொல்வது சரி. ஆனால் இரண்டும் ஒன்றில்லை, இரண்டிலும் 10 கேண்டில் வைத்து (வைல்டர் முறையில் 13, 14க்குப் பதில் 9, 10) ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ட்ரூ ரேஞ்ச் 40, 40, 40 என்று போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கேண்டில் மட்டும் 180. அந்தக் கேண்டிலில் இரண்டு முறையிலும் 54தான் வரும், சண்டையே இல்லை. அப்புறம் மறுபடி எல்லாம் 40. சாதாரண சராசரி அடுத்த 9 கேண்டிலுக்கும் 54லேயே உட்கார்ந்திருந்து, 10வதில் அந்த 180 வெளியே போனதும் பொத்தென்று 40க்கு விழும். வைல்டர் முறை 52.6, 51.3 என்று படிப்படியாக இறங்கி 9வதில் 45.4, 10வதில் 44.9. மல்டிப்ளையர் (ஏடிஆரை எத்தனை மடங்கு எடுப்பது) 3 என்றால் 9வது கேண்டிலில் பேண்ட் கிட்டத்தட்ட 26 புள்ளி தள்ளி நிற்கிறது, அடுத்த கேண்டிலிலேயே தலைகீழாக மாறி 15 புள்ளி நெருங்கி நிற்கிறது. முந்தைய நாள் முடிவை விட மேலே திறக்கிற கேப் அப் நாளில் 9:15 கேண்டில் பெரிதாக வந்தால், 10:05 கேண்டிலில் பேண்ட் திடீரென்று கழுத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் சந்தையில் ஒன்றுமே நடந்திருக்காது, பழைய எண் ஒன்று ஜன்னலை விட்டுப் போனது மட்டும்தான்.

அண்ணாச்சி_ஏஎஃப்எல்:
கணக்கு வாத்தியார் வந்துவிட்டார். நான் 11:20 என்கிறேன், இவர் 10:05 என்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாதபோது இப்படித்தான் பலகை நிறைய எண் எழுதுவார்கள். குமரன் தம்பி, போன தடவை பைத்தானில் விலையின் வேகத்தை அளக்கும் ஆர்எஸ்ஐ எழுதிக் காட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? சராசரியின் நீளத்துக்கு ஸ்பேன் 14 என்று போட்டுவிட்டு ஏன் சார்ட்டோடு ஒத்துவரவில்லை என்று இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தீர்கள். வைல்டரின் 14 வேண்டுமென்றால் ஸ்பேனில் 27 போட வேண்டும், இல்லையென்றால் புதிய எண்ணுக்குத் தரும் பங்கான ஆல்ஃபாவைப் பதினாலில் ஒன்று என்று கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது யார்? ஒரு நன்றி வந்ததா?

பாண்டி_பைன்:
இருங்கள் இருங்கள். ஆர்எஸ்ஐக்கு வைல்டர் சராசரிதான் சரி என்று பாடம் நடத்தியதே நீங்கள்தானா? அதே வைல்டர், அதே புத்தகம், ஏடிஆருக்கு மட்டும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்க வேண்டுமா?

அண்ணாச்சி_ஏஎஃப்எல்:
அது ஆர்எஸ்ஐ, இது ஏடிஆர். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். அப்புறம் இன்னொன்று, வைல்டர் தினசரி விலையை வைத்து நோட்டில் கணக்குப் போட்ட காலத்து மனிதர். நேற்றைய ஒரே ஒரு எண் தெரிந்தால் போதும் என்கிற வசதிக்கு அந்த முறை தோதாக இருந்தது. இன்றைக்கு ஒரு நாளைக்கு 75 ஐந்து நிமிடக் கேண்டில், என் கணினி ஆயிரம் கேண்டிலைக் கண்ணிமைப்பதற்குள் கூட்டும். மேலும் சூப்பர்டிரெண்டைக் கொண்டுவந்தவர் வைல்டரே இல்லை. ஆக, சூப்பர்டிரெண்டுக்குள் என்ன சராசரி போடுவது என்று செத்துப்போனவர் சொல்ல முடியாது, 11:20 கேண்டில் சொல்லும். சொல்லிவிட்டது.

திருப்பூர்_செல்வி:
ஒரு சின்ன சந்தேகம். 11:20 கேண்டில் என்றால் 11:20க்குத் தொடங்கிய கேண்டிலா, 11:20க்கு முடிந்த கேண்டிலா? ஆமிபுரோக்கரில் கேண்டிலுக்குத் தொடக்க நேரமும் போடலாம், முடிவு நேரமும் போடலாம், அது செட்டிங்கைப் பொறுத்தது. டிரேடிங்வியூ தொடக்க நேரத்தைக் காட்டும். அண்ணாச்சியின் 11:20தான் பாண்டியின் 11:15 என்றால் நீங்கள் இருவரும் வேறு வேறு கேண்டிலைப் பார்த்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள்.

பாண்டி_பைன்:
செத்துப்போனவரை இழுக்காதீர்கள் அண்ணாச்சி, உங்கள் வயதுக்கு அழகில்லை.

அண்ணாச்சி_ஏஎஃப்எல்:
என் வயதை ஏன் இழுக்கிறீர்கள்? 2008 சரிவில் டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். அப்போது நீங்கள் சைக்கிளில் டியூஷன் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள்.

காளைகரடி:
பாப்கார்ன் போதவில்லை. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது, மூன்று நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பக்கம் போன தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் வைல்டர் கட்சி எத்தனை பேர், கூட்டி வகுக்கிற கட்சி எத்தனை பேர் என்று பிரித்துச் சொன்னால் நானும் ஒரு கட்சியில் சேர்ந்துகொள்கிறேன்.

பாண்டி_பைன்:
சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை ப்ரோ. நான் ஒரு டெலிகிராம் ஆளிடம் 4,999 ரூபாய் கொடுத்து ஓர் இண்டிகேட்டர் வாங்கினேன். பழைய சார்ட்டில் ஒவ்வொரு பள்ளத்திலும் பச்சை அம்பு, ஒவ்வொரு மேட்டிலும் சிவப்பு அம்பு, பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மறுநாள் நேரலையில் பார்த்தால் அம்பு வருகிறது, போகிறது, பக்கத்துக் கேண்டிலுக்குத் தாவுகிறது. ஒரு நண்பர் உள்ளே திறந்து பார்த்தபோது தெரிந்தது, 15 நிமிட டேட்டாவை 5 நிமிட சார்ட்டுக்கு லுக்அஹெட் ஆன் (வரப்போவதை முன்கூட்டியே பார்க்கும் செட்டிங்) போட்டு இழுத்திருக்கிறான். பழைய கேண்டில்களில் 15 நிமிடம் முடிவதற்கு முன்பே அதன் முடிவு விலை தெரிந்துவிடும், பிறகு அம்பு ஏன் சரியாக வராது? அதற்கப்புறம்தான் நானே எழுதக் கற்றுக்கொண்டேன். அதனால் 'அசல்' என்று எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணாச்சி_ஏஎஃப்எல்:
'எவனாவது' என்று யாரைச் சொல்கிறீர்கள்? நான் யாரிடமும் 4,999 வாங்கியதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கோடைத் திறந்து கொடுத்தவன். டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தேன்.

காளைகரடி:
பூட்டுப் போட்ட ஒரு ஃபைலை 3,000க்கு விற்றதாக யாரோ எப்போதோ சொன்னார்களே, அது வேறு அண்ணாச்சியா?

அண்ணாச்சி_ஏஎஃப்எல்:
அது ஸ்கேனர். இண்டிகேட்டர் இல்லை. அதுவும் 2,500தான். விஷயம் தெரியாமல் பேசாதீர்கள்.

குமரன்_பாண்டாஸ்:
காசு விஷயத்தை விடுங்கள். அண்ணாச்சி, உங்கள் கோடின் தலையில், எத்தனை கேண்டிலைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சொல்லும் செட்பார்ஸ்ரிக்வயர்ட் வரியைக் காணோம். ஆமிபுரோக்கர் வேகத்துக்காகத் திரையில் தெரிகிற கேண்டில்களையும் தேவை என்று அது நினைக்கிற கொஞ்சத்தையும்தான் கணக்குக்கு எடுக்கும். சூப்பர்டிரெண்ட் ஒவ்வொரு கேண்டிலிலும் முந்தைய மதிப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது, எந்தக் கேண்டிலில் தொடங்கினோம் என்பதைப் பொறுத்துப் பாதையே மாறலாம். ஒன்றே ஒன்று செய்யுங்கள், சார்ட்டை ஒரு முறை பெரிதாக்கி, ஒரு முறை சுருக்கி, அந்த 11:20 அம்பு அங்கேயே நிற்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

அண்ணாச்சி_ஏஎஃப்எல்:
நான் ஏன் சார்ட்டைப் பெரிதாக்க வேண்டும்? நான் எப்போதும் வைத்திருக்கிற அளவில்தான் பார்க்கிறேன், அந்த அளவில் பை வந்தது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது நீங்கள் கேட்பது.

பாண்டி_பைன்:
அப்படியானால் பெரிதாக்கினால் அம்பு ஓடிவிடும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

அண்ணாச்சி_ஏஎஃப்எல்:
எங்கே ஒப்புக்கொண்டேன்? வரியைக் காட்டுங்கள். உங்கள் பக்கம் மட்டும் என்ன ஒழுங்கு? கேண்டில் முடிவதற்குள் உங்கள் சூப்பர்டிரெண்ட் கோடு பச்சையாகும், சிவப்பாகும், மறுபடி பச்சையாகும், அதில் அலெர்ட் வைத்துவிட்டுப் போன் அலறியதும் வாங்கிவிட்டு அப்புறம் அம்பைக் காணோம் என்று புலம்பியவர் யார்? கேண்டில் உறுதியான பிறகுதான் சிக்னல் என்று ஒரு நிபந்தனை போட உங்களுக்கு ஆறு மாதம் ஆனது. நான் அன்றைக்கே என் லூப்பில் முடிந்த கேண்டிலை மட்டும்தான் எடுத்தேன்.

குமரன்_பாண்டாஸ்:
அதுவும் பெரிதாக்குவதும் வேறு வேறு பிரச்சினை அண்ணாச்சி. பெரிதாக்கிப் பார்த்தீர்களா?

அண்ணாச்சி_ஏஎஃப்எல்:
முதலில் அந்த ஸ்பேன் 14க்கு நன்றி சொல்லுங்கள், பிறகு பார்க்கலாம்.

திருப்பூர்_செல்வி:
மறுபடியும் கேட்கிறேன். தொடக்க நேரமா, முடிவு நேரமா?

அண்ணாச்சி_ஏஎஃப்எல்:
அம்மா, 11:20 என்றால் 11:20தான். இதில் என்ன தொடக்கம், முடிவு?

பாண்டி_பைன்:
சரி, அந்தக் கேண்டிலின் ஓப்பன், ஹை, லோ, குளோஸ் நாலையும் இங்கே போடுங்கள். நான் என் சார்ட்டில் தேடிக்கொள்கிறேன்.

அண்ணாச்சி_ஏஎஃப்எல்:
நான் போட மாட்டேன். முதலில் நீங்கள் போடுங்கள்.